ச்சுத்தி, லிபுர், லீவு: யார் விடுறாங்க, யார் போடுறாங்க?

(ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்கி, படிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தப்பட்டது.)

இந்த எபிசோடை செஞ்சியிலிருந்து பதிவு பண்றேன். பின்னாடி ஹாரன் சத்தம் கேட்டா அது திருவண்ணாமலை பஸ். நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டுப் பார்த்தேன், அதுக்கும் அடங்கல. அப்படியே விட்டுட்டேன்.

இன்னைக்குத் தலைப்பு லீவு. லீவு எடுக்கிறது எப்படின்னு நான் சொல்லப் போறதில்லை, அதுக்கு உங்க மேனேஜர்தான் பாக்கணும். லீவுங்கிற வார்த்தையைப் பத்திப் பேசலாம்னு இருக்கேன். முதல்ல மலாய், இந்தோனேசிய மொழிகள்ல ஆரம்பிச்சு, அப்புறம் இங்க செஞ்சி மலை அடிவாரத்துக்கு வருவோம்.

எங்க டீம்ல பாதிப் பேர் கோலாலம்பூர், ஜகார்த்தா. எல்லாருக்கும் பொதுவா ஒரு காலண்டர் ஷீட் இருக்கு. யார் எந்த நாள் இருக்க மாட்டாங்கன்னு அவங்கவங்க மொழியிலேயே எழுதி வெச்சிருப்பாங்க. மலேசியக்காரங்க வரிசையைப் பார்த்தா எல்லாமே ஒரே வார்த்தை: 'ச்சுத்தி'. நோன்புப் பெருநாளும் ச்சுத்தி, சொந்த வேலையா ஊருக்குப் போனாலும் ச்சுத்தி, காய்ச்சல்னாலும் ச்சுத்தி, பிரசவத்துக்கும் ச்சுத்தி. ஜகார்த்தா வரிசையில் மட்டும் இரண்டு வார்த்தைகள். சில நாளுக்கு 'லிபுர்', சில நாளுக்கு 'ச்சுத்தி'. மலாயும் இந்தோனேசியமும் அக்கா தங்கச்சி மொழிகள். ஒருத்தர் பேசினா இன்னொருத்தருக்குப் பெரும்பாலும் புரியும். அப்புறம் ஏன் இங்க மட்டும் பிரியுதுன்னு தோணுச்சு.

கேட்டதுல ஜகார்த்தா பொண்ணு ஒரே வரியில முடிச்சிட்டாங்க. லிபுர்னா ஆபீசே மூடியிருக்கு. ச்சுத்தின்னா ஆபீஸ் திறந்திருக்கு, நான் மட்டும் இல்லை.

இது எவ்வளவு உபயோகமான வித்தியாசம்னு பிளானிங் பண்றவங்களுக்குத் தெரியும். லிபுர் நாள்ல யாரும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. ச்சுத்தி நாள்ல உங்க வேலையை வேற ஒருத்தர் பாக்கணும். அதுக்கு மேல, அந்த நாள் உங்க கணக்குலேருந்து கழியும்.

கழியுறதுங்கிறதுதான் இங்க முக்கியம். இந்தோனேசியாவின் 2003ஆம் வருஷத்துத் தொழிலாளர் சட்டப்படி, ஒரு வருஷம் தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு 12 நாள் ஆண்டு விடுப்பு. இப்ப அங்க 'ச்சுத்தி பெர்சாமா'ன்னு ஒண்ணு உண்டு. பெர்சாமான்னா சேர்ந்து. பெருநாளுக்கு முன்னாடி பின்னாடி சில நாட்களை மூணு அமைச்சர்கள் கூட்டா ஆணை போட்டு அறிவிப்பாங்க. நாடு முழுக்க அறிவிக்கிறாங்களே, அப்ப அது லிபுர்தானேன்னு நினைப்போம். தனியார் கம்பெனியில வேலை பார்க்கிறவங்களுக்கு அந்த நாட்கள் அவங்களோட அந்த 12 நாள்லேருந்து கழியும். அரசு ஊழியர்களுக்குக் கழியாது. அதனால அதுக்குப் பேரு ச்சுத்தி. பெருந்தன்மையா அறிவிக்கிற மாதிரி இருந்தாலும் செலவு நம்மளுதுன்னு அந்த வார்த்தையே சொல்லிடுது. அரசாங்க மொழியில இவ்வளவு நேர்மையை நான் அதிகம் பார்த்ததில்லை.

இன்னொண்ணு சொல்லாம போக முடியாது. வியாழக்கிழமை லிபுர், சனி ஞாயிறு எப்படியும் வீட்டுல, நடுவுல ஒரு வெள்ளிக்கிழமை மாட்டிக்கிட்டு நிக்கும் பாருங்க. அந்த நாளுக்கு இந்தோனேசியாவில் பேர் இருக்கு: 'ஹார்பித்னாஸ்'. விரிச்சுச் சொன்னா, தேசிய அளவில் இடுக்கில் சிக்கிய நாள். தமிழ்ல இதுக்கு ஒரு பேர் இல்லாதது நியாயமே கிடையாது. நாம எல்லாரும் ஜனவரி மாசம் புது காலண்டர் வந்ததும் முதல்ல தேடுறதே அதைத்தானே?

சரி, தமிழுக்கு வருவோம். நம்மகிட்ட பேச்சுல ஒரே பெயர்ச்சொல்தான்: லீவு. ஆனா லிபுருக்கும் ச்சுத்திக்கும் உள்ள வித்தியாசத்தை நாம வினைச்சொல்லுல வெச்சிருக்கோம். இதை யோசிச்சப்ப எனக்கு ஒரு சின்ன கூஸ்பம்ப்ஸ்.

'நாளைக்கு லீவு விட்டிருக்காங்க.' 'நாளைக்கு லீவு போட்டிருக்கேன்.'

முதல்ல இருக்கிறது லிபுர், இரண்டாவது ச்சுத்தி. யாரும் நமக்கு இலக்கண வகுப்புல சொல்லித் தரல. ஆனா யாரும் மாத்திச் சொல்ல மாட்டோம். 'பொங்கலுக்கு கவர்ன்மெண்டு லீவு போட்டிருக்கு'ன்னு சொன்னா சிரிப்பாங்க. விடுறது மேல இருக்கிறவங்க வேலை: கவர்ன்மெண்டு, ஸ்கூல், மழை வந்தா கலெக்டர். விழுப்புரம் மாவட்டத்துல நவம்பர் மாசம் காலையில அஞ்சரைக்கே எழுந்து டிவி முன்னாடி உக்காந்து, கலெக்டர் விடுவாரா மாட்டாரான்னு பார்த்த பிள்ளைகளுக்கு இது நல்லாவே தெரியும். விட்ட லீவை அப்புறம் ஒரு சனிக்கிழமை வகுப்பு வெச்சு வாங்கிக்குவாங்க, அது வேற கதை.

போடுறது நம்ம வேலை. நம்ம கையில இருக்கிற ஒரு சீட்டை எடுத்து மேசையில போடுற மாதிரி. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947படி, ஒரு வருஷம் வேலை பார்த்தவருக்கு 12 நாள் சம்பளத்தோட விடுப்பு, அது போக தற்செயல் விடுப்பு 12, உடம்பு சரியில்லைன்னா 12. அந்தச் சீட்டுகள்தான். (தற்செயல் விடுப்புங்கிற மொழிபெயர்ப்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும். மூணு வாரம் முன்னாடியே பிளான் பண்ணி, டிக்கெட் புக் பண்ணி, தற்செயலா எடுக்கிறோம்.)

மூணாவதா ஒரு வினை இருக்கு: லீவு சொல்றது. வீட்டு வேலைக்கு வர்ற அக்கா, டிரைவர் அண்ணன், துணிக்கடையில நிக்கிற பையன், இவங்கெல்லாம் லீவு 'சொல்லிட்டு'ப் போவாங்க. இங்க சீட்டும் கிடையாது, ஷீட்டும் கிடையாது. வாய்ச்சொல்தான். சொல்லாம போனா மட்டம் போட்டதாகிடும். மட்டம் போடுறதுக்கு மலாய்ல 'போந்தெங்', இந்தோனேசியத்துல 'போலோஸ்'. இதுக்கு மட்டும் எல்லா மொழியிலயும் வார்த்தைக்குப் பஞ்சமில்லை.

இப்ப இந்த 'ச்சுத்தி' எங்கேருந்து வந்துச்சு? ஹிந்தி தெரிஞ்சவங்களுக்கு ஏற்கனவே பொறி தட்டியிருக்கும். சுட்டி, அதாவது ச்சுட்டி. அதேதான். விடுபடுறதுன்னு அர்த்தம் வர்ற 'ச்சூட்னா'ங்கிற வினையிலேருந்து வந்தது. நம்ம விடுமுறை, விடுப்பு ரெண்டும் 'விடு'விலேருந்து வந்த மாதிரியே. இதே விடுவிலேருந்துதான் விடுதலையும் வருது, மோட்சத்துக்குச் சொல்ற வீடுபேறும் வருது. (யாழ்ப்பாணத்து நண்பர்களிடம் மட்டும் 'நான் விடுப்பில் இருக்கேன்'னு எழுதும்போது யோசிச்சு எழுதுங்க. அவங்க பேச்சுல விடுப்புன்னா ஊர் வம்பு.)

மலாய்லயும் சொந்தமா இப்படி ஒரு வார்த்தை உண்டு. 'லெபாஸ்'னா விடுபட்ட, கழன்ற. அதிலேருந்து 'கெலெபாசான்'. மலேசியாவில் பொது விடுமுறைச் சட்டத்தோட பேரே 'அக்தா ஹாரி கெலெபாசான் 1951'. விடுபட்ட நாள் சட்டம். சட்டப் புத்தகத்துல கெலெபாசான், வாயில ச்சுத்தி. நாம எழுத்துல விடுமுறை, பேச்சுல லீவுன்னு இருக்கோமே, அதே பிரச்சனைதான்.

இங்கிலீஷ் 'லீவ்' வேற ஜாதி. அந்த வார்த்தைக்குப் பழைய அர்த்தமே அனுமதி. போறதுக்குச் சொல்ற லீவ் வேற, இது வேற, ரெண்டும் ஒரே உச்சரிப்புல வந்து நிக்குது. ஆக, உலகத்துல லீவுக்கான வார்த்தைகளைப் பெரும்பாலும் ரெண்டு மூட்டையா கட்டலாம். ஒண்ணு 'கேட்டு வாங்குறது', இன்னொண்ணு 'கட்டு அவிழ்றது'.

இதை செஞ்சியில உக்காந்து ஏன் சொல்றேன்னா, இந்த மலை மேல ஆண்டவங்க ஒவ்வொருத்தரும் லீவுக்கு ஒரு வார்த்தை வெச்சிருக்காங்க. வரிசையாப் பாருங்க. முதல்ல நாயக்கர்கள். தெலுங்குல லீவு 'செலவு'. அனுமதின்னும் அர்த்தம், கிளம்பும்போது 'இக செலவு'ன்னு விடைபெறுறதுக்கும் அதே வார்த்தை. தெலுங்குக்காரங்க செலவு 'பெட்டுவாங்க', அதாவது வைப்பாங்க. நம்ம லீவு போடுற மாதிரியே. நம்ம ஊர்ல செலவுன்னா வேற, அதுவும் லீவுல போனாத்தான் வரும்.

1649ல பீஜப்பூர் சுல்தான் படை கோட்டையைப் பிடிச்சுது. 1677ல சிவாஜி. மராட்டியில லீவுக்கு ரெண்டு வார்த்தை: 'ரஜா', 'சுட்டி'. ரஜா அரபு வழியா வந்தது, சம்மதம்னு அர்த்தம். கேட்டு வாங்குற லீவு பெரும்பாலும் ரஜா. ஊரே ஓய்வா இருந்தா சுட்டி. அச்சு அசலா இந்தோனேசியக் கணக்கு! கன்னடத்துல 'ரஜெ'ன்னு சொல்றதும் இதே ரஜாவோட சொந்தக்காரன்தான்.

அப்புறம் முகலாயர்கள். ராஜாராம் உள்ளே, ஜுல்பிகர் கான் வெளியே, 1690லேருந்து 1698 வரைக்கும் எட்டு வருஷ முற்றுகை. ரெண்டு பக்கத்துப் படைவீரர்களும் சுட்டி, ச்சுட்டின்னு ஒரே வேர்ச்சொல்லைத்தான் வெச்சிருந்திருப்பாங்கன்னு நினைச்சா எனக்குச் சிரிப்பா இருக்கும். எட்டு வருஷம் யாருக்கும் அது பெரிசா கிடைச்சிருக்காது.

1750ல பிரெஞ்சுக்காரங்க. அவங்களுக்கு 'கொன்ழே', இதுவும் போறதுக்கான அனுமதிச் சீட்டுங்கிற லத்தீன் வார்த்தையிலேருந்து. பாண்டிச்சேரி இங்கேருந்து ரெண்டு மணி நேரம்தான். 1761ல இங்கிலீஷ்காரங்க வந்தாங்க, லீவு வந்துச்சு. கடைசியா வந்ததுதான் நம்ம வாயில நின்னுது. 2025 ஜூலையில யுனெஸ்கோ மராட்டிய ராணுவ நிலப்பரப்புன்னு 12 கோட்டைகளைப் பட்டியல்ல சேர்த்தாங்களே, அதுல 11 மகாராஷ்டிரம், ஒண்ணு நம்ம செஞ்சி. கோட்டை மராட்டியர் கணக்குல போயாச்சு, லீவு வெள்ளைக்காரன் கணக்குல.

இப்ப ஒரு கேள்வி. மலாய் மொழியில தமிழ் வார்த்தைகள் நிறைய உண்டு. கடை அங்க 'கெடாய்', கப்பல் 'காபால்', பெட்டி 'பெத்தி', கட்டில் 'காத்தில்'. மலேசிய இந்தியர்கள்ல பெரும்பான்மை தமிழர்கள். தென்னாற்காடு, தஞ்சாவூர், திருச்சி பக்கத்துலேருந்து கப்பல் ஏறி, ரப்பர் தோட்டத்துக்குப் போனவங்களோட பேரப்பிள்ளைகள். அப்படி இருக்க, லீவுக்கான வார்த்தை மட்டும் ஏன் ஹிந்தியிலேருந்து போச்சு?

நான் நினைக்கிறது இது. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூணையும் 1867 வரைக்கும் இந்தியாவோட சேர்த்து கல்கத்தாவிலேருந்துதான் நிர்வாகம் பண்ணாங்க. சிப்பாய், காவல், ஆபீஸ், இதெல்லாம் வடக்கத்தி ஆட்களும் அவங்க பேச்சும் சேர்ந்தே கப்பல் ஏறுச்சு. தொப்பிக்கு மலாய்ல 'தோபி', சலவைக்கு 'டோபி'. லீவுங்கிறது எங்க பிறக்கும்? சம்பளப் பதிவேடு இருக்கிற இடத்துல. பேர் எழுதி, நாள் எண்ணி, இத்தனை நாள் வரலைன்னு குறிச்சு வெச்சாத்தான் லீவுன்னு ஒண்ணு இருக்க முடியும். பாரக்ஸ்ல அது இருந்துச்சு. கடை வெச்சிருந்தவங்க கெடாயைக் கொடுத்தாங்க, கப்பல் ஓட்டினவங்க காபாலைக் கொடுத்தாங்க. தோட்டத்துத் தமிழர்களுக்கு நாள்கூலி. வேலைக்கு வந்தா கூலி, வரலைன்னா இல்லை. கூலிங்கிற வார்த்தை மலாய்ல 'கூலி'யாவே இருக்கு, சுமை தூக்குறவரைக் குறிக்க. அது தமிழ்க் கூலியா, குஜராத்துக் கோலி சமூகத்தோட பேரான்னு அறிஞர்கள் நடுவுல சண்டை இருக்கு. எதுவா இருந்தாலும், லீவுக்கு வார்த்தை கொடுக்கணும்னா லீவு கையில இருந்திருக்கணும் இல்லையா? இது என் ஊகம். மொழியியல் படிச்சவங்க மறுக்கலாம், கேட்டுக்கிறேன்.

ஆனா வார்த்தை கொடுக்காதவங்க நாளைக் கொடுத்தாங்க. தைப்பூசம். பினாங்கு, பேராக், சிலாங்கூர் மாதிரி மாநிலங்கள்ல அது ச்சுத்தி. பத்துமலையில காவடி எடுக்கிற அன்னைக்கு சிலாங்கூர்ல மலாய்க்காரர், சீனர் எல்லாருக்கும் லீவு. 2008ல கோலாலம்பூருக்கும் புத்ராஜெயாவுக்கும் சேர்த்து அறிவிச்சாங்க. சிங்கப்பூர்ல இது உல்டா. அங்க முன்னாடி தைப்பூசம் பொது விடுமுறையா இருந்து, 1968ல விடுமுறை நாட்களைக் குறைச்சப்ப பட்டியலிலிருந்து எடுத்துட்டாங்க. இன்னைக்கும் அங்க காவடி எடுக்கிறவங்க அது வார நாள்ல வந்தா சொந்த லீவு போட்டுத்தான் எடுக்கணும். விட்டுக்கிட்டிருந்த லீவு, போடுற லீவா மாறிடுச்சு.

தமிழ்நாட்டுல தைப்பூசத்துக்கு அரசு விடுமுறை எப்ப வந்துச்சுன்னு யாராவது சொல்லுங்க பார்ப்போம்? 2021. பழனி இங்க, முருகன் இங்க, லீவு மட்டும் பினாங்கைவிட ரொம்பத் தாமதம். கடல் தாண்டிப் போனவங்களுக்கு, நாங்க இங்க இருக்கோம்னு நாட்டைச் சொல்ல வைக்க ஒரு சிவப்பு நாள் தேவைப்பட்டிருக்கு. இந்தோனேசியாவில் விடுமுறை நாளை 'தாங்கால் மேரா'ன்னே சொல்வாங்க, சிவப்புத் தேதி. காலண்டர்ல நம்ம பண்டிகை கறுப்புல இருக்கா சிவப்புல இருக்கான்னு பார்க்கிறது சின்ன விஷயமாத் தெரியும், கறுப்புல இருக்கிறவங்களைக் கேட்டாத்தான் தெரியும்.

சரி, செஞ்சிக்கு வர்றேன். இந்த ஊரு லீவு நாளுல வேலை பார்க்கிற ஊரு. பௌர்ணமின்னா திருவண்ணாமலை கிரிவலத்துக்குப் போற கூட்டம் முழுக்க திண்டிவனத்துலேருந்து இந்த ரோட்டுலதான் போகணும். அமாவாசைன்னா மேல்மலையனூர் அங்காளம்மன் ஊஞ்சல் பார்க்க ராத்திரி முழுக்கக் கூட்டம். காணும் பொங்கலுக்குக் கோட்டை. மத்தவங்க லீவு விட்டா, இங்க டீக்கடை, பஸ், ஆட்டோ, பூக்கடை எல்லாத்துக்கும் டபுள் வேலை.

பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு டீக்கடை அண்ணன்கிட்ட, 'உங்களுக்கு எப்பண்ணே லீவு?'ன்னு கேட்டேன். பாய்லர்லேருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: 'நமக்கு ஏது தம்பி லீவு. சாவு விழுந்தா கடை இல்லைன்னு சொல்லுவோம். கல்யாணம்னாலும் கடை இல்லை.'

கடை இல்லை. இது எனக்குப் புதுசு. கொஞ்ச நேரம் அங்கேயே நின்னு, டீ குடிக்க வந்த ரெண்டு பேர்கிட்ட பேச்சுக் கொடுத்தேன். மூட்டை தூக்குறவங்க. அறுவடைக் காலத்துல இங்க இருக்கிற ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துல நெல் மூட்டை மலை மாதிரி குவியும். அது அரசு விடுமுறைக்கு மூடினா உள்ளே எழுத்தர் வேலை பார்க்கிறவருக்கு அன்னைக்கு விடுமுறை, சம்பளம் உண்டு. மூட்டை தூக்குறவங்க அந்த நாளை எப்படிச் சொல்றாங்கன்னு கவனிச்சேன். 'நாளைக்கு வேலை இல்லை'ன்னு சொன்னாங்க. அதே நாள், அதே கேட்டு, ரெண்டு பேர். லீவுங்கிற வார்த்தை அவங்க வாயில வரவே இல்லை. சம்பளம் இல்லாத லீவுக்கு மலாய்ல 'ச்சுத்தி தான்பா காஜி'ன்னு ஒரு பேராவது இருக்கு. ஆனா அதுக்கும் பதிவேட்டுல பேர் இருக்கணும்.

என் ஆபீஸ் போர்ட்டல்ல இந்த வருஷம் மிச்சம் ஒன்பது நாள் காட்டுது. ஸ்விகி, சொமேட்டோ ஓட்டுற நண்பர்கள் யாராவது கேட்டுக்கிட்டு இருந்தா உங்களுக்கு ஒரு கேள்வி. ஒரு நாள் வண்டி எடுக்கலைன்னா அதை வீட்டுல எப்படிச் சொல்லுவீங்க? லீவு போட்டேன்னா, ஆஃப்லைன் போனேன்னா, இல்லை ஓட்டலைன்னா? எனக்கு நிஜமாவே தெரிஞ்சுக்கணும். வாய்ஸ் நோட் அனுப்புங்க, ஒரு நிமிஷத்துக்குள்ள இருக்கட்டும்.

மலேசியாவிலேருந்து கேக்குறவங்க, உங்க வீட்டுல தாத்தா பாட்டி தோட்டத்துல இருந்தப்ப லீவுக்கு என்ன சொன்னாங்கன்னு கேட்டு அனுப்புங்க. அப்படியே ஹார்பித்னாஸுக்கு ஒரு தமிழ்ப் பேரும் வேணும். இப்போதைக்கு என்கிட்ட இருக்கிறது 'சாண்ட்விச் நாள்', அதைவிட மோசமா எதுவும் வந்துடாதுன்னு நம்புறேன். அடுத்த வாரம் பார்ப்போம் மக்களே.